அப்பாவுக்குக் கட்டிய தெர்மோகோல் அறை

சுவர் வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருபத்தொரு வருஷம் சொல்லித் திரிந்தவன் நான். வளைகுடாவில் மூன்று நாடுகளில் இருந்தேன். எல்லா இடத்திலும் ஒரே வேலைதான். கட்டடத்துச் சுவரின் உள்பக்கம் சூடு நுழையாமல் ராக்வூல் பஞ்சோ தெர்மோகோலோ பதித்து, அதன்மேல் ஜிப்சம் போர்டு அடித்து, இணைப்பு தெரியாமல் பூசிக் கொடுக்க வேண்டும். வெளியே வெயில் தோலை உரிக்கும். நாங்கள் மூடிக் கொடுத்த அறைக்குள் அதிகாரிகள் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். என் மனைவி மறுமுனையில், "செரி செரி, நீங்க ரூமுக்குப் போயி ஃபேனப் போட்டு உறங்குங்க" என்று போனை வைத்துவிடுவாள்.

வேலை முடிந்து ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கிறிஸ்மஸ் கழிந்த வாரம் அது. காலையில் பல் தேய்க்கப் போன மனிதர் கிணற்றடியில் சரிந்து கிடந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. "காது நல்லா கேக்கும், நீங்க சொல்லது எல்லாம் விளங்கும், பதில் சொல்லத்தான் வராது" என்றார் டாக்டர்.

அப்பா தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். பிச்சியும் முல்லையும் கேரளத்துக்கும் விமானத்துக்கும் பெட்டி கட்டி அனுப்பும் பொறுப்பு அவருடையது. விடியுமுன் முதல் பஸ்ஸில் போய், தொண்டை கிழிய விலை கூவிவிட்டு வருவார். வீட்டில் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த மனிதரின் தொண்டையிலிருந்து "ம்ம்" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆகவே அவரைக் குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் என் மனைவி தலையில் விழுந்தன. தூக்குவதும் புரட்டுவதும் என் பொறுப்பு.

எங்கள் வீடு பூதப்பாண்டிக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. கருங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். முதலில் மேலே ஓடுதான் இருந்தது. என் முதல் ஐந்து வருஷச் சம்பளத்தில் ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் வார்த்தேன். ஓட்டு வீட்டுக்காரன் என்றால் ஒருவனும் மதிக்கமாட்டான் என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அதிலிருந்து மாசி பிறந்தால் வீட்டுக்குள் வேக்காடுதான். பகல் முழுக்க வெயிலைக் குடிக்கிற மேல்தளம், மூன்று மணிக்குமேல் அதைக் கீழே இறக்கத் தொடங்கும். விளக்கு வைத்து நெடுநேரம் ஆன பிறகும் உச்சந்தலையில் சூடு தெரியும்.

அப்பாவைப் பின்னறையில் படுக்கவைத்திருந்தோம். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு பலாமரம், அதையும் தாண்டினால் புதுவீடு எழும்பிக்கொண்டிருந்த மனை. பலாவின் நிழலில் சுவரில் வெயிலே படாது. அப்பா தன் இடது கையை எந்நேரமும் அந்தச் சுவரில் விரித்து வைத்திருப்பார். சில சமயம் உடம்பை இழுத்துப் புரண்டு கன்னத்தையும் வைத்துக்கொள்வார். தினம் பார்த்தேன். பேச முடியாத மனுஷன் எதையாவது பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

பங்குனியில் வெக்கை ஏறியதும் அந்த அறைக்கு ஏசி வாங்கி மாட்டினேன். ஒரு மணிநேரம் ஓடினாலும் அறை குளிரவில்லை. கல்சுவர் முதலில் குளிர்ந்து தீர வேண்டும், அதற்குப் பிறகுதான் காற்று குளிரும். இது உண்மை, இதில் நான் ஒன்றும் முட்டாள் இல்லை. அப்போதுதான் என் கைவேலை எனக்கு ஞாபகம் வந்தது. நாலு சுவரையும் உள்ளே மூடிவிட்டால் ஏசி பத்து நிமிஷத்தில் அறையை ஐஸாக்கிவிடும். ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் மூடிவிட்டு, பெற்ற அப்பனுக்குச் செய்யாவிட்டால் நான் என்ன பிள்ளை?

நாகர்கோவிலுக்குப் போய் தெர்மோகோல் பலகையும் போர்டும் வேனில் ஏற்றிவந்தேன். என் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கரண்டு போனா என்ன செய்வீங்க?"

"போனா எத்தன நேரம் போவும்? அர மணிக்கூரு. தெர்மாஸ் ஃபிளாஸ்குக்குள்ள சூடு அப்படியே நிக்கில்லா, அதுபோல குளிரும் நிக்கும்."

"அந்த ஃபிளாஸ்குக்குள்ள ஒருநாளு நீங்க கெடந்து பாருங்க. சூடு மேலேருந்துல்லா எறங்குது, நீங்க சுவர மூடுகீங்க?"

"மேல பாக்கது வேற ஆளுக்க வேல."

வாய் தவறிச் சொன்ன பதில் இல்லை அது. அங்கே தளத்தை மூடுவது வேறொரு கம்பெனி ஆட்களின் வேலை. நாங்கள் சுவர் ஆட்கள். ஒருவன் வேலையில் மற்றவன் கைவைத்தால் சண்டை வரும். இருபத்தொரு வருஷமும் நான் கூரையை அண்ணாந்து பார்த்ததில்லை. ஏசி எந்திரம் நின்றுபோன ஒரு கட்டடத்துக்குள்ளும் ஒரு நிமிஷம் இருந்ததில்லை. எந்திரம் நிற்காது என்ற நம்பிக்கையில் செய்கிற வேலை அது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை. சொன்னாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். அடுத்த வருஷம் தளத்துக்கும் ஏதாவது செய்வோம் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

தெர்மோகோல் பலகைகளை அறைக்குள் கொண்டு வைத்தபோது அப்பா என்னமோபோல் ஆனார். கண்கள் பலகைமேலேயே நின்றன. நான் ஒரு பலகையைக் கட்டில் அருகே கொண்டுபோனதும் இடது கையால் அதை ஓங்கித் தட்டினார். மறுபடியும் தட்டினார். "ம்ம்... ம்ம்..." என்று வாயைக் கோணினார். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். திற்பரப்புப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கும் என் தங்கச்சி வீடியோ காலில் இருந்தாள். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பாத்தியா அண்ணே, அப்பாவுக்கு எவ்வளவு சந்தோசம்!" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. கட்டிலை அறை நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். நாலு நாளில் முடித்தேன். முத்துப்போல வெள்ளைச் சுவர், ஒரு கோடு தெரியாது. கட்டிலைப் பழையபடி ஓரத்துக்குத் தள்ளினேன். அப்பா கையை நீட்டி போர்டில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சுவரை அவர் தொடவே இல்லை.

ஏசி போட்டால் பத்து நிமிஷத்தில் அறை சில்லென்று ஆயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவைப் பார்க்க வருகிற ஆட்கள் ஒரு மணிநேரம், ஒன்றரை மணிநேரம் என்று உட்கார்ந்து போனார்கள். "கொள்ளாம் மக்கா, அப்பன ராசா மாதிரியில்லா வச்சிருக்கே" என்றார்கள். நான் போர்டைத் தட்டிக்காட்டி விளக்கம் சொன்னேன்.

என் மனைவி மட்டும் முனகிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் வோல்டேஜ் குறைந்து ஏசி நின்றுவிடுகிற நாட்களில் அந்த அறை மற்ற அறைகளைவிட அதிகமாகப் புழுங்குகிறது என்றாள். "முன்ன இப்படி இல்ல. சுவரு சூட்டக் கொஞ்சம் வாங்கிக்கிடும். இப்ப வாங்க இடமில்ல, உள்ளயே கெடந்து சுத்துது." இன்சுலேஷன் வேலையில் அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குக் கோபம் வந்தது. "நீ போயி அடுப்பப் பாரு" என்றேன். அவள் போகவில்லை. சன்னலையும் கதவையும் மல்லாக்கத் திறந்துவைத்து, அப்பா உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். இந்தக் கொடுமையான சித்திரையில் அந்த மனிதர் அத்தனை நாள் உயிரோடு இருந்தது அவள் கையால்தான், என் போர்டால் இல்லை.

அது ஒரு சனிக்கிழமை. லைனில் வேலை என்று காலை பத்து மணிக்கே கரண்டை எடுத்துவிட்டார்கள், ஐந்துக்குத்தான் வரும். மூன்றரைக்கு எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அப்பாவுக்காகச் சபையார் வந்து ஜெபிக்க வேண்டும் என்று தங்கச்சி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளே முன்னின்று ஏற்பாடு செய்தாள். முன்னறையில் நடத்தலாம் என்று எங்கள் சபை உபதேசியார் சொன்னார். நான்தான், "அப்பா அறையிலயே நடத்துவோம், அங்கதான் குளுமையா இருக்கும்" என்றேன். கரண்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். என் வேலையை நாலுபேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி அறை. இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கட்டிலை ஒட்டி நின்றார்கள், பாயில் உட்கார்ந்தார்கள். பலாமரத்துக்கு அப்பால் அந்தப் புதுவீட்டுக்கு ஜெனரேட்டர் வைத்து டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை, வெள்ளைத் தூசு வேறு உள்ளே வந்தது. தங்கச்சி எழுந்துபோய் சன்னலை அடைத்தாள். கதவை யாரோ சாத்தினார்கள். இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடியது. ஃபேன் ஓடுகிற வரைக்கும் எங்கள் ஆட்களுக்குக் காற்று இருக்கிறது என்றே அர்த்தம். மேலிருந்து இறங்குகிற சூட்டைத்தான் அது எங்கள்மேல் வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி அடுக்களையில் அத்தனை பேருக்கும் கட்டஞ்சாயா போடவும் பழம்பொரி பொரிக்கவும் நின்றுவிட்டாள். அந்த ஒருநாள்தான் அவள் அந்த அறைப்பக்கம் வராமல் இருந்தாள்.

பாடினோம். ஜெபித்தோம். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்கினார். எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. ஜெபத்தின் நடுவே எழுந்து கதவைத் திறக்கிறவனை எங்கள் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். நான் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவருடைய இடது கையை என் இரண்டு கைக்குள்ளும் பிடித்திருந்தேன். அப்பாவுக்கு மட்டும் வேர்க்கவில்லை. முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. அருள் இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன்.

கொஞ்சநேரத்தில் அப்பா கையை உருவப் பார்த்தார். நான் விடவில்லை. என் கையைச் சன்னல் பக்கமாகத் தள்ளினார். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "அப்பா, விசுவாசமா இருங்க" என்று காதோரம் சொன்னேன். அவர் கண் என்னையே பார்த்தது. அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்தேன், வாசிக்கத்தான் தெரியவில்லை. பேச முடியாத மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே வாய் அந்தக் கைதான். அதை நான் ஒரு மணிநேரத்துக்குமேல் பொத்திவைத்திருந்தேன்.

ஐந்து மணி ஆகப்போகிற நேரம். அப்பாவின் வலது கைவிரல் துடித்தது. நாலு மாதமாகச் செத்துக் கிடந்த கை. முதலில் பார்த்தவள் தங்கச்சிதான்.

"கை அனங்குது! அண்ணே, அப்பாவுக்க கை அனங்குது!"

விரலில் இருந்த அசைவு மணிக்கட்டுக்கு வந்தது. அங்கிருந்து தோளுக்கு ஏறியது. கை மெத்தையில் அடித்து அடித்து எழும்பியது. அறையே அலறியது. ஸ்தோத்திரம், அல்லேலூயா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். உபதேசியாரின் குரல் உடைந்துபோயிற்று. தங்கச்சி மண்டியிட்டு அழுதாள். எல்லாரும் கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள். நானும் அப்பாவின் கையை விட்டுவிட்டு, ஆமாம், அப்போதுதான் விட்டேன், கைதட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை. சற்று நேரத்தில் வலது காலும் உதறியது. சந்தோஷம் இரட்டித்தது.

கதவு திறந்தது. என் மனைவி சாயாத் தட்டோடு நின்றாள். உள்ளே ஒரு கால் வைத்தவள் அப்படியே பின்வாங்கினாள்.

"என்ன வெக்க இது! மனுசரு இருப்பாங்களா இதுக்குள்ள?"

"கை அனங்கிட்டு மைனி!" என்று தங்கச்சி கத்தினாள்.

என் மனைவி கட்டிலைப் பார்த்தாள். தட்டு கைநழுவி விழுந்து கண்ணாடித் தம்ளர்கள் சிதறின. ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து அப்பாவின் நெற்றியில் கைவைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். "எளவே, இது வலிப்பு! மனுசன் வெந்துல்லா கெடக்காரு! கதவத் தெறங்க, எல்லாரும் வெளிய போங்க!" மூலையில் இருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே தூக்கி அவர்மேல் ஊற்றினாள். அப்போதும் இரண்டு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அது கெட்டுவிட்டது என்று இன்னொன்றை எடுத்துவந்தாள். அதுவும் அதையே காட்டியது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உடம்புச் சூடு மூளைவரை ஏறி வலிப்பு வந்திருக்கிறது என்றார். "எந்த மாதிரி ரூம்ல வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். நாலு சுவரும் தெர்மோகோல், அதன்மேல் போர்டு, ஏசி. வெட்கங்கெட்டவன், சொல்லும்போதே என் குரலில் பழைய பெருமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏசி ஓடிச்சா?"

"கரண்டு இல்ல."

"சன்னல்?"

"அடச்சிருந்தோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து அப்பாவின் கட்டிலுக்குப் போய்விட்டார். மறுநாள் ஞாயிறு மத்தியானம் அப்பா இறந்துபோனார்.

அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் தங்கச்சி அதிசயத்தைச் சொன்னாள். கர்த்தர் அப்பாவைச் சுகமாக்கி, சுகமாக்கியபடியே அழைத்துக்கொண்டார் என்றாள். மொட்டை வெயிலில் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துக்கத்தோடு ஒரு ஒளியும் இருந்தது. டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. என் மனைவியிடமும் வாய் திறக்கக் கூடாது என்று கெஞ்சினேன். "அவளுக்காவச் சொல்லலியா, உங்களுக்காவச் சொல்லலியா?" என்று கேட்டாள்.

மூன்றாவது வாரம் அறைக்குள் போய் நெம்புகோலால் ஒரு போர்டைப் பெயர்த்தேன். கட்டில் ஓரத்து போர்டு. மத்தியானம் இரண்டு மணி. தெர்மோகோலைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கல்லில் கைவைத்தேன். குளிர்ந்து கிடந்தது. அறையில் என் உடம்பு வேர்த்து வழிய, அந்தக் கல் கிணற்றுத் தண்ணீர்போல இருந்தது. அப்பா கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தது அதற்குத்தான். அவருக்கும் அந்தக் குளிர்ச்சிக்கும் நடுவில் இரண்டு அங்குலத் தெர்மோகோலை வைத்து அடைத்தவன் நான். வெயில் வந்தது தளத்து வழியாக. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய சுவரை அடைத்துவிட்டேன்.

பிய்த்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அப்பா இதே பலகையில்தான் முப்பத்தைந்து வருஷம் கைவைத்திருந்தார். பூ போகிற பெட்டி தெர்மோகோல் பெட்டிதானே. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது லீவு நாளில் அவரோடு சந்தைக்குப் போவேன். ஐஸ் வண்டி வராத நாளில் எவனாவது பெட்டியை மூடிவிட்டால் அப்பா பாய்ந்துபோய் மூடியைப் பிடுங்கி எறிவார். "ஐஸ் வைக்காம மூடுனியோ, பூவு அவிஞ்சு நாறிப்போவும்லே! தெறந்து போடு, வாடுனாலும் பரவாயில்ல!" என்று சந்தையே அதிரக் கத்துவார். பலகையைத் தட்டித் தட்டி அவர் என்னிடம் சொன்னது அதுதான். நாங்கள் அதற்குச் சந்தோஷம் என்று பேர் வைத்து, போனில் காட்டி மகிழ்ந்தோம்.

சத்தம் கேட்டுத் தங்கச்சி வந்துவிட்டாள். அன்று வீட்டில்தான் இருந்தாள். "என்ன செய்யே அண்ணே? அப்பாவுக்கு அதிசயம் நடந்த ரூமுலா! ஒண்ணும் தொடாத!" என்று என் கையிலிருந்த நெம்புகோலைப் பிடுங்கினாள். மிச்ச போர்டுகள் அப்படியே நின்றன.

ஒரு மாதம் நிறைந்ததும் நினைவு ஜெபம் வைத்தோம். இந்தத் தடவை முன்னறையில். தங்கச்சி எழுந்து சாட்சி சொன்னாள். கை அசைந்த விதத்தைத் தன் கையால் செய்துகாட்டினாள். நான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு ஒருவர் மட்டும் நின்றார். மூன்று வீடு தள்ளி இருக்கிறவர், கேபிள் டிவி ஆள். அவர் மனைவி முதுகெலும்பு ஒடிந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறாள்.

"அண்ணே, அப்பாவுக்குச் செஞ்சதுபோல எங்க ரூமுக்கும் செஞ்சு தரணும். அவ சூடு தாங்காம கெடந்து கரையா. ஏசி தவணைக்கு எடுத்துக்கிடலாம். நீங்க இந்த வாரம் வருவீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் தங்கச்சி முந்திக்கொண்டாள். "போயி செஞ்சு குடு அண்ணே. அந்தப் பிள்ளைக்கும் அப்பாவுக்கு நடந்தது நடக்கட்டும்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நடக்கும்டி" என்று கத்தினேன். "அப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும். அவிஞ்சு சாவா." அந்த மனிதர் இரண்டடி பின்னால் போனார். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்: "செய்யப்பிடாது ஓய். சுவர மூடாத. மொதல்ல தளத்துல வெயில் விழாம ஓலையப் போட்டு மூடு. சாயங்காலம் சன்னலத் தெறந்து போடு. அவள சுவரோட ஒட்டிப் படுக்க வையி. கரண்டு போனா அந்த ரூமு சூளையாயிரும். எங்க அப்பன் அதுலதான் போனாரு. அன்னைக்கு அனங்கினது கை இல்ல. வலிப்பு. டாக்டரு எங்கிட்டச் சொல்லிட்டாரு."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். மனைவியைச் சுவரோரம் படுக்கவைத்து, தளத்தில் ஓலை போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் இன்றும் இருக்கிறாள்.

தங்கச்சி, "பொய்யி" என்றாள். "நான் பாத்தேன் அண்ணே. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். நீ விசுவாசமில்லாத்தவன்." என் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். தங்கச்சி அவளைப் பார்த்தாள். "மைனி, நீ சொல்லு." என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அது போதுமாக இருந்தது.

தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அண்ணே," என்றாள். "நாம கை தட்டிப் பாடினோம்லா. அப்ப அப்பாவுக்கு நெனவு இருந்திருக்குமா? அது காதுல விழுந்திருக்குமா?"

இல்லை என்று சொல்லலாம். ஒரு சொல். வலிப்பு வந்தவருக்கு நினைவு ஏது என்று யாரும் சொல்லுவார்கள், டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் முதலில் வலது விரல் துடித்தபோது, நான் கையை விட்டுவிட்டு எழுந்தபோது, அப்பாவின் கண் என்னோடுகூட எழுந்து வந்தது. ஒரு மாதமாகப் பொய்யோடு வாழ்ந்து நான் செத்துப்போயிருந்தேன்.

"விழுந்திருக்கும்" என்றேன்.